மான் வேட்டைக்கு ஏற்ற கத்தி எது?

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் மான் வேட்டை குற்றம். புள்ளிமான், கடமான், வெளிமான் எல்லாவற்றையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஆகவே, தலைப்பைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்டக் கிளம்பியவர்கள் அதை அடுக்களைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடலாம்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலையாற்றுப் படுகையில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வியாக இருந்திருக்கும். அவர்கள் கண்ட விடைகள் கற்களாக இன்றும் நம்மிடம் உள்ளன. அந்தக் கற்களைப் படிக்க வேண்டுமானால் கொஞ்சம் இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மானைக் கத்தி வீழ்த்துவதில்லை. நாற்பது அடி தூரத்திலேயே காதை நிமிர்த்தி ஓடிவிடும் பிராணியிடம் கத்தியோடு போய் என்ன செய்வது? வீழ்த்துவது ஈட்டியின் வேலை, அம்பின் வேலை, பொறியின் வேலை. செர்மனியில் ஷோனிங்கன் என்னும் இடத்தில் 1990-களில் மர ஈட்டிகள் கிடைத்தன. குறைந்தது இரண்டு லட்சம் ஆண்டுப் பழமை உடையவை. அருகிலேயே குதிரை எலும்புகள் குவியலாகக் கிடந்தன. விலங்கு விழுந்த பிறகுதான் கத்தியின் வேலை தொடங்குகிறது. அந்த நொடியில் கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலில் இறைச்சி சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். குடல் கிழிந்து உள்ளிருப்பது சிந்தினால் இன்னும் விரைவாகக் கெடும். இரத்த வாடை பிடித்துக் கழுதைப்புலியும், வானில் வட்டமிட்டுக் கழுகும் வந்து சேரும். விரைவாகத் தோலைத் திறந்து, தொடையையும் தோளையும் மூட்டில் பிரித்து, தூக்கிக்கொண்டு நகர வேண்டும். வேலை மெதுவானால் உணவு வேறு வயிற்றுக்குப் போய்விடும். சில வேளை அறுத்தவரே உணவாகிவிடலாம்.

எனவே கேள்வியை இப்படி மாற்றிக் கேட்போம்: வீழ்ந்த விலங்கை மிகக் குறைந்த நேரத்தில் பிரிக்க உதவும் கத்தி எப்படி இருக்க வேண்டும்?

கடைக்காரரிடம் கேளுங்கள்

மானைத் தேடிப் போக வேண்டாம். உடலமைப்பில் வெளிமானுக்கும் வெள்ளாட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் வரிசையில் நிற்கும்போது கடைக்காரரின் கைகளைக் கவனியுங்கள். அவரிடம் ஒரே கத்தி இருக்காது. தோல் உரிக்க மெல்லிய, சற்றே வளைந்த கத்தி. எலும்பைத் தறிக்கக் கனமான வெட்டுக்கத்தி. வாயை அடிக்கடி சீர்படுத்த ஓர் இரும்புக்கோல். கீழே புளியமரக் கட்டை.

மெல்லிய கத்தியால் எலும்பை ஏன் வெட்டவில்லை? கனத்த கத்தியால் தோலை ஏன் உரிக்கவில்லை? சிறிது கணக்குப் போட்டால் விளங்கும்.

கூர்மை என்பது அழுத்தத்தைக் குறித்தது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஒரு கிலோ எடையளவு விசையால் கத்தியை அழுத்துகிறீர்கள் என்று கொள்வோம். வாயில் 5 செ.மீ. நீளம் இறைச்சியில் படுகிறது. நன்கு தீட்டிய கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அகலம் உடையது என்றால், அழுத்தம் ஏறத்தாழ 2,000 வளிமண்டலம்! அதே விளிம்பு மழுங்கி 20 மைக்ரான் ஆகிவிட்டால் அழுத்தம் 100 வளிமண்டலமாக இறங்கிவிடும். இருபது மைக்ரான் என்பது நம் தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த மழுங்கல்தான் கையை வலிக்கச் செய்கிறது. கை வலிக்கும்போது நாம் கூடுதலாக அழுத்துவோம். கத்தி வழுக்கும். விரல் போகும். மொட்டைக் கத்திதான் விரலை வெட்டும் என்று சமையற்காரர்கள் சொல்வது இதனால்தான்.

விளிம்பு நுழைந்த பின் வேறொரு வேலை தொடங்குகிறது. கத்தி ஓர் ஆப்பு. நுழைந்த இடத்தை இரு பக்கமும் விலக்க வேண்டும். உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இரு முகங்களுக்கும் இடையே 20 பாகைக் கோணமுள்ள கத்தியை ஒரு கிலோ விசையால் அழுத்தும்போது ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 2.9 கிலோ விசை கிடைக்கிறது. 40 பாகையானால் 1.5 கிலோ. 60 பாகையானால் வெறும் ஒரு கிலோ, இலாபமே இல்லை. அப்படியானால் கோணத்தை 5 பாகைக்குக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைக்கலாம். முதல் எலும்பில் பட்டதும் வாய் மடங்கிவிடும், அல்லது தெறித்துவிடும். மெல்லிய விளிம்புக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கப் பொருள் இல்லை. தோலுக்குச் சின்னக் கோணம், எலும்புக்குப் பெரிய கோணம் என்று கடைக்காரர் இரண்டு கத்தி வைத்திருப்பதன் காரணம் இதுதான். எல்லா வேலைக்கும் சிறந்த ஒரே கத்தி என்று விளம்பரம் செய்பவரை நான் நம்புவதில்லை.

இன்னொரு நுட்பம், இழுத்து அறுத்தல். தக்காளியின் மேல் கத்தியை நேராக அழுத்தினால் நசுங்குகிறது. சற்றே இழுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நேர்குத்தாக மலையேறுவதைவிட வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஏறுவது எளிது அல்லவா? இழுக்கும்போது கத்தியின் சரிவும் அப்படியே நீண்டு குறைகிறது, 30 பாகைக் கத்தி அதைவிடச் சிறிய கோணக் கத்தி போல் வேலை செய்கிறது. விளிம்பு பக்கவாட்டில் நகர்ந்து நார்களை உரசி அறுக்கவும் செய்கிறது. அரிவாள்மணையின் வளைவு இதற்காகவே. காயை முன்னே தள்ளும்போது அது வாயின் மீது சறுக்கியே தீர வேண்டும். தமிழில் வெட்டுதல், அறுத்தல், அரிதல், கீறுதல், வகிர்தல், தறித்தல், கொத்துதல் என்று இத்தனை சொற்கள் இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றும் விசையின் திசையிலும் வேகத்திலும் வேறுபடுகிறது.

பல்லாவரம் முதல் அத்திரம்பாக்கம் வரை

இனி கற்களிடம் வருவோம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். அங்கே இத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது இப்படித்தான்.

அந்தக் கருவிகளில் பெயர் பெற்றது கைக்கோடரி. கோடரி என்றதும் காம்பு போட்டதாக எண்ண வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும், இரு முகமும் செதுக்கிய, மாங்காய் அல்லது நீர்த்துளி போன்ற வடிவமுள்ள கல் அது. அகன்ற வெட்டுவாய் உடைய பிளப்புக் கருவிகள், சுரண்டிகள், மெல்லிய கற்செதில்கள் ஆகியவையும் கிடைக்கின்றன. கடைக்காரரின் பலகையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செதில் என்பது தோலைக் கீறும் மெல்லிய கத்தி. பிளப்புக் கருவி என்பது வெட்டுக்கத்தி. சுரண்டி, உரித்த தோலில் ஒட்டிய கொழுப்பை வழிக்க. கைக்கோடரி இவற்றுக்கு நடுவே நின்று பல வேலையும் செய்வது.

கைக்கோடரியை எப்படிப் பிடிப்பது? விளிம்பில் 2,000 வளிமண்டலம் என்றால் கைக்கும் அதே விசைதானே வரும், உள்ளங்கை கிழியாதா? இங்கேயும் பரப்புதான் காப்பாற்றுகிறது. பல கைக்கோடரிகளின் அடிப்பகுதி செதுக்கப்படாமல் கூழாங்கல்லின் உருண்டை வடிவிலேயே இருக்கிறது. உள்ளங்கையில் 20 சதுர செ.மீ. பரப்பு படுகிறது என்று கொண்டால், மேலே சொன்ன வாயின் பரப்பைப்போல் அது 40,000 மடங்கு. கையில் அழுத்தம் அத்தனை மடங்கு குறைவு. கல்லின் எடையும் வீணல்ல. மூட்டைக் கொத்தும்போது வேலையில் பாதியை அதுவே செய்துவிடும்.

இவையெல்லாம் ஊகம்தானா என்று கேட்கலாம். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் கேத்தி ஷிக், நிக்கலஸ் டோத் இருவரும் தாமாக இறந்த யானையின் தடித்த தோலைச் சிறு கற்செதில்களால் அறுத்துக் காட்டினர். இங்கிலாந்தில் பாக்ஸ்குரோவ் அகழாய்வை ஒட்டி நடந்த சோதனையில், தொழில்முறை இறைச்சி வெட்டுநர் ஒருவர் புதிதாகச் செய்த தீக்கல் கைக்கோடரிகளைக் கொண்டு மானைப் பிரித்தார். வேலை நன்றாகவே நடந்தது.

கல் எப்படிக் கத்தியாகிறது?

அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் கல் குவார்ட்சைட். மணற்கல் பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி உருமாறியது. சாதாரண மணற்கல்லைத் தட்டினால் விரிசல் மணிகளுக்கு இடையே புகுந்து, கல் உதிரும். குவார்ட்சைட்டில் மணிகளைப் பிணைக்கும் பசையும் குவார்ட்சே. மணியும் பசையும் சம வலிமை. ஆகவே விரிசல் மணிகளை ஊடுருவி நேரே ஓடுகிறது. வெளிவரும் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அல்லிக்குழி மலைப் பக்கத்திலிருந்து இக்கற்களை ஓடைகளும் ஆறும் உருட்டிவந்து சமவெளியில் பரப்பியிருக்கின்றன.

விரிசல் ஓடும் பாதை தற்செயலானதல்ல. ஜன்னல் கண்ணாடியில் சிறு குண்டு பட்டால், பட்ட பக்கம் சிறிய துளையும் மறுபக்கம் அகன்ற பள்ளமும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உடைந்து விழுந்த துண்டு ஒரு கூம்பு. வானொலி அலைகளால் புகழ்பெற்ற ஹெர்ட்ஸ் 1880-களின் தொடக்கத்தில், இரண்டு திண்பொருள்கள் தொட்டு அழுந்தும் இடத்தில் தகைவு எப்படிப் பரவுகிறது என்பதைக் கணக்கிட்டார். கூம்பு விரிசல் அந்தக் கணக்கோடு சேர்ந்தது. கல்லின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில், 90 பாகைக்குக் குறைந்த மூலையில் அடித்தால், கூம்பின் ஒரு பக்கம் மட்டும் செதிலாகப் பெயர்ந்து வரும். அடித்த இடத்தின் கீழே சிறு புடைப்பும், அதைச் சுற்றிச் சிப்பி வரிகள் போன்ற அலைகளும் தெரியும். இயற்கையாக உடைந்த சல்லியையும் மனிதன் செதுக்கியதையும் பிரித்தறிய இது நல்ல அடையாளம். ஒரு செதிலை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பல செதில் வடுக்கள் ஒரே விளிம்பை நோக்கி ஒழுங்காக வந்தால் அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது எனலாம்.

குவார்ட்ஸ் எஃகுக் கத்தியைவிடக் கடினமானது. மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கத்தி எஃகு பெரும்பாலும் ஆறையொட்டி நிற்கும். ஆனால் கடினம் வேறு, முறியாமை வேறு. கல் வளையாது, தெறிக்கும். எனவே கல் கத்தியைத் தீட்டுவதில்லை. விளிம்பில் சின்னச் சின்னச் செதில்களைத் தட்டி எடுத்துப் புது வாய் உண்டாக்குவார்கள். ஒவ்வொரு முறையும் கருவி சிறிது சுருங்கும், கோணம் சிறிது கூடும். கடைசியில் எறிந்துவிட வேண்டியதுதான். ஆய்வாளர்களுக்குக் கிடைப்பவற்றில் பல இப்படி உழைத்து ஓய்ந்தவை.

எட்டுக் கத்தி, ஒரே கல்

மலைப் பக்கத்திலிருந்து கல்லைச் சுமந்து வருபவருக்கு எடை ஒரு கவலை. 15 செ.மீ. நீளக் கைக்கோடரி ஒன்றில் 30 செ.மீ. வெட்டுவாய் இருக்கிறது என்போம். எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் என்ன ஆகும்? வாய் பாதியாகும், 15 செ.மீ. ஆனால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே அதே எடைக்கு எட்டுச் சிறு கருவிகள், மொத்தம் 120 செ.மீ. வெட்டுவாய். நான்கு மடங்கு இலாபம்! செதுக்கும்போது சேதாரம் உண்டு. அதைக் கழித்தாலும் திசை மாறாது.

மனித குலம் இந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டிருக்கிறது. அத்திரம்பாக்கத்தில் பழைய அடுக்குகளில் பெரிய கைக்கோடரிகளும் பிளப்புக் கருவிகளும் இருக்கின்றன. மேலுள்ள அடுக்குகளில் அவை குறைந்து, சிறிய செதில் கருவிகள் மிகுகின்றன. அவற்றுள் லெவலுவா என்னும் முறை வியப்புக்குரியது. முதலில் கருக்கல்லை ஆமை ஓடு போலச் சுற்றிலும் செதுக்கித் தயார் செய்கிறார்கள். பிறகு ஒரே அடி. வேண்டிய வடிவமும் வேண்டிய விளிம்பும் உடைய செதில் பெயர்ந்து வருகிறது. கத்தியைச் செய்வதற்கு முன்பே கத்தி மனத்தில் இருந்திருக்க வேண்டும். சிறு செதிலுக்கு ஒரு குறை உண்டு. உள்ளங்கைக்கு இடமில்லை. மரக்காம்பில் பொருத்தினால் அந்தக் குறை தீரும். அதே செதில் ஈட்டி முனையாகவும் ஆகலாம். இங்கேதான் வேட்டைக் கருவியும் அறுக்கும் கருவியும் ஒன்றாகக் கலக்கின்றன.

இந்த மாற்றம் எப்போது நடந்தது? 1999 முதல் அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு. மண்ணில் புதைந்த தாதுமணிகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்பதை ஒளிர்வு முறையால் அளந்து பெற்ற விடை இது. அதற்கு முன்பே, 2011-இல் 'சயன்ஸ்' இதழில், கீழடுக்குக் கைக்கோடரிகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று வெளியிட்டிருந்தனர். அந்த அளவீட்டில் கடிகாரம் கருவியின் கல்லுக்குள்ளேயே இருந்தது. நிலப்பரப்பில் கிடக்கும் குவார்ட்சை அண்டக்கதிர்கள் தாக்கும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க ஐசோடோப்புகள் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். அலுமினியத்தின் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டு, பெரிலியத்தின் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. முன்னது வேகமாகக் கரைவதால் விகிதம் இறங்கிக்கொண்டே வரும். ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டில் விகிதம் பாதியாகிவிடும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதைத் தாங்களே சரிபார்க்கலாம்.

கும்மிடிப்பூண்டிக் கம்பியால் கத்தி செய்யலாமா?

அதே மாவட்டத்தின் வடகிழக்கில் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி எஃகு உருட்டாலைகள் கட்டடக் கம்பிகளைச் செய்து தள்ளுகின்றன. அத்திரம்பாக்கத்து மனிதருக்குக் கனவிலும் வராத பொருள். ஆனால் அந்தக் கம்பியைத் தட்டிக் கத்தி செய்தால் அவர் சிரிப்பார். கட்டடக் கம்பியில் கார்பன் பொதுவாக 0.3 சதவீதத்துக்கு மேல் போகாது. வளைந்தாலும் முறியாமல் இருப்பதற்காகவே அப்படி. அதில் தீட்டிய வாய் சீக்கிரம் மழுங்கிவிடும். கத்திக்கு அரை சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஊர்க் கொல்லர்கள் பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பது இதனால்தான். அதில் கார்பன் அரை சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.

அடித்த அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் எஃகு கண்ணாடி போலக் கடினமாகும், கண்ணாடி போலவே முறியும். மறுபடி இளஞ்சூட்டில் காட்டினால் சிறிது கடினத்தைக் கொடுத்து நிறைய உறுதியை வாங்கிக்கொள்ளும். கல்லால் செய்ய முடியாத பேரம் இது. கல்லுக்குக் கோணத்தை மட்டுமே மாற்ற முடியும். எஃகுக்குக் கோணத்தோடு உட்குணத்தையும் மாற்றலாம். உருட்டாலையில் கம்பிக்கும் இதன் ஒரு வகை நடக்கிறது. செந்தணலாக வரும் கம்பியின் மேல் நீரைப் பீய்ச்சுகிறார்கள். மேல் தோல் இறுகுகிறது. உள்ளே தங்கிய சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது. வெளியே கடினம், உள்ளே இளக்கம். நல்ல அரிவாளில் வாய் கடினம், முதுகு இளக்கம்.

எலும்பில் எழுதியது

அத்திரம்பாக்கத்தார் உண்மையிலேயே மானை அறுத்தார்களா? அங்கே கிடைத்த விலங்கு எச்சங்கள் மிகக் குறைவு. குதிரை இனத்தின் பல், எருமை இனத்தின் பல் என்று சில பற்கள் மட்டும் கல்லாகிக் கிடைத்தன. எலும்பு நிறையக் கிடைத்திருந்தால் வெட்டுத் தழும்புகளைத் தேடலாம். கற்செதில் எலும்பில் பட்டால் ஆங்கில வி எழுத்துப் போன்ற குறுகிய பள்ளமும், அதனுள் நுண்ணிய இணைகோடுகளும் விழும். விலங்கின் பல் பட்டால் பள்ளம் அகன்று வழவழப்பாக இருக்கும். ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய் எலும்புகளை இப்படிச் சோதித்த முடிவுகள் 1981-இல் வெளியாயின. மனிதத் தழும்பும் பல்தழும்பும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருந்தால், எது மேலே என்று பார்த்து, முதலில் வந்தவர் மனிதரா, கழுதைப்புலியா என்றுகூடச் சொல்லலாம்.

எலும்பு இல்லாத இடத்தில் கல்லின் விளிம்பையே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தோலை வழித்த விளிம்பு ஒருவகையாகவும், மரத்தைச் சீவிய விளிம்பு வேறுவகையாகவும் பளபளக்கும். ஆற்றில் உருண்ட கல்லில் இது அழிந்துவிடும். வயலில் கிடப்பதை எடுத்துக் கழுவித் தேய்த்து மேசை மேல் வைத்தாலும் அழிந்துவிடும். புதைந்த அடுக்கிலிருந்து பிடுங்கிவிட்டாலோ, மேலே சொன்ன ஐசோடோப்புக் கடிகாரமும் ஒளிர்வுக் கடிகாரமும் அந்தக் கல்லைப் பொறுத்தவரை நின்ற மாதிரிதான். எந்த ஆழத்தில், எந்த மண்ணோடு இருந்தது என்பது தெரியாமல் கணக்கைத் தொடங்கவே முடியாது. சரளை வெட்டும் குழியிலிருந்து லாரியில் ஏறிச் சாலைக்கு அடியில் போகும் கைக்கோடரிக்கும் இதே கதி.

பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கைக்கோடரிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். ஃபூட் திரட்டியவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். பார்க்கும்போது நுனியை மட்டும் பார்க்காமல் அடியையும் பாருங்கள், உள்ளங்கை எங்கே பட்டிருக்கும் என்று. பிறகு உங்கள் வயலோரத்தில் அப்படி ஒன்று தென்பட்டால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்து, இருந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துப் பூண்டியில் தெரிவித்தால் போதும்.